கொடிக்கயிறு கைமாறிய கதை

சாரணர் கொடியேற்றத்தில் பார்வையாளர் காண்பது கடைசி இரண்டு நொடிகளை மட்டுமே. கம்பத்தின் உச்சியில் பொட்டலமாக இருந்த துணி, கீழே ஒருவர் கயிற்றைச் சுண்டியதும் விரிகிறது. எல்லோரும் மூன்று விரல் சல்யூட் வைக்கிறார்கள். அதற்கு முன் நடக்கும் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. கொடியை நீளவாக்கில் இரண்டாகவும் மறுபடி இரண்டாகவும் மடித்து, நுனியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து, கீழ்க்கயிற்றையே அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றில் ஒரு சிறு மடிப்பெடுத்து அந்தச் சுற்றுக்குள் செருக வேண்டும். இறுக்கிச் செருகினால் எவ்வளவு இழுத்தாலும் உச்சியில் பொட்டலமாகவே நிற்கும். தளர்த்திச் செருகினால் பாதி வழியிலேயே அவிழ்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இறுக்கம் இருக்கிறது. அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, விரலே பழகிக்கொள்ள வேண்டும்.

அந்த விரல் ஒரு காலத்தில் எட்டாம் வகுப்புப் பையனுடையது. இப்போது அநேகமாக உடற்கல்வி ஆசிரியருடையது. சாரணர் கொடியேற்றத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் கொடி மாறியிருக்கிறது, பாட்டு மாறியிருக்கிறது, யாருக்கு விசுவாசம் என்று உறுதிமொழி எடுக்கிறோமோ அந்த ஆளே மாறியிருக்கிறார். அவற்றையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். கயிறு கைமாறியதை யாரும் எழுதவில்லை.

நான் சாரணனாக இருந்த எண்பதுகளில் எங்கள் பள்ளியில் வாரக் கூட்டம் சனிக்கிழமை மாலை. அன்றைய டூட்டி அணி அரைமணி நேரம் முன்னதாகவே மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். ஒருவன் கப்பி சுழல்கிறதா என்று கயிற்றை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பான். ஒருவன் கம்பத்தடியைப் பெருக்கிச் சுண்ணாம்புக் கோடு போடுவான். அணித் தலைவன் கொடியை விரித்து, எந்த முனை மேலே என்று பார்த்து, கொடியின் கண்ணியைக் கயிற்றோடு ஷீட் பெண்ட் முடிச்சால் இணைப்பான். பருமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளைச் சேர்க்கப் பயன்படும் முடிச்சு அது. சாரணர் கையேட்டில் அதன் முதல் பயனாகக் கொடி கட்டுவதைத்தான் சொல்லியிருப்பார்கள். பிறகு மடிப்பு, செருகல், உச்சிக்கு ஏற்றிக் கயிற்றைக் கம்பத்தில் கட்டுதல். சாரண ஆசிரியர் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அவர் நிமிர்ந்து ஒரு முறை பார்ப்பார், அவ்வளவுதான்.

படை லாட வடிவில் நிற்கும். லாடத்தின் திறந்த பக்கத்தில் கொடிக்கம்பம். முதலில் இறைவணக்கப் பாடல், பிறகு கொடி, கொடிப் பாடல், அடுத்து நகம், காலணி, ஸ்கார்ஃப் மடிப்பு என்று சோதனை. மாலையில் விளையாட்டும் முடிச்சும் வழித்தடக் குறிகளும் முடிந்தபின் மறுபடி அதே லாட வடிவம், நாட்டுப்பண், கொடியிறக்கம். கொடியேற்றம் என்பது கூட்டத்தின் ஒரு நிகழ்ச்சியாக இருக்கவில்லை. கூட்டத்துக்குக் கதவும் தாழ்ப்பாளும் அதுதான்.

இதன் வேர் 1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய சோதனை முகாமில் இருக்கிறது. போயர் போரில் மாஃபெகிங் முற்றுகையின்போது தன்னிடம் இருந்த யூனியன் ஜாக் கொடியையே அவர் அங்கே பறக்கவிட்டார். காலையில் கொடி, பிரார்த்தனை, பிறகு வேலை என்ற ஒழுங்கு படைவீரர் ஒருவரின் பழக்கத்திலிருந்து வந்தது. ஆனால் படையில் இல்லாத ஒன்றையும் அவர் சேர்த்தார். சிறுவர்களை அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு சிறுவனையே தலைவனாக்கி, முகாமின் வேலைகளை அவர்களிடமே விட்டார். கொடியும் அந்த வேலைகளில் ஒன்றாகியது. மரியாதை செலுத்துவதற்கு முன்னால் சரியாகக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து முதல்நிலைத் தேர்வின் சாரம். யூனியன் ஜாக் தலைகீழாகப் பறந்தாலும் சட்டென்று தெரியாது. கம்பத்தை ஒட்டிய பாதியில் வெள்ளைக் குறுக்குப்பட்டையின் அகலமான பகுதி மேலே வர வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சிறுவனும் சாரணனாக முடியாது.

சென்னை மாகாணத்துச் சிறுவர்களும் இதைத்தான் மனப்பாடம் செய்தார்கள். யூனியன் ஜாக்கில் சேர்ந்திருப்பவை புனித ஜார்ஜின் சிலுவை, புனித ஆண்ட்ரூவின் சிலுவை, புனித பேட்ரிக்கின் சிலுவை. இன்றைய குழந்தை சக்கரத்தின் 24 ஆரங்களை ஒப்பிப்பதுபோல அன்றைக்கு அது. ஆனால் அந்த இடத்துக்கு வரவே இந்தியச் சிறுவர்கள் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. 1909-ல் கேப்டன் டி. ஹெச். பேக்கர் பெங்களூரில் தொடங்கிய முதல் படை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கானது. மற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் ஆரம்பித்தார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டிய சாரணர்கள் அவர்கள்.

அடுத்த ஆண்டே, ஹோம்ரூல் என்ற தன்னாட்சிக் கிளர்ச்சிக்காக இந்த இருவரையும் அரசு ஊட்டியில் காவலில் வைத்தது. அங்கே தோட்டத்தில் பெசன்ட் சிவப்பும் பச்சையுமான ஹோம்ரூல் கொடியை ஏற்றிப் பறக்கவிட்டார். சிறுவர்களுக்குக் கொடி வணக்கம் கற்றுத்தரும் இயக்கம் நடத்தியவர், தன் வீட்டு முற்றத்தில் அரசுக்குப் பிடிக்காத கொடியைப் பறக்கவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட்டின் சங்கம் பிரிட்டிஷ் சங்கத்தோடு இணைந்தது. வடக்கே மாளவியாவும் ஹிருதய்நாத் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் வளர்த்த சேவா சமிதி சாரணர்கள் தனியாகவே நின்றார்கள்.

இரண்டு கொடிகளுக்கு நடுவே அந்தக் காலத்து மாணவன் எப்படி நின்றிருப்பான் என்று அறிய 1932 ஜனவரியைப் பார்த்தால் போதும். அந்த மாதம் 11-ஆம் தேதி திருப்பூரில் கொடியை விடாமல் அடிவாங்கிக் குமரன் இறந்தார். 26-ஆம் தேதி விடிவதற்குள் ஆர்யா என்கிற பாஷ்யம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் ஏறி, யூனியன் ஜாக் இருந்த இடத்தில் மூவண்ணக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கினார். அதே வாரத்தில் அதே மாகாணத்தின் பள்ளி மைதானங்களில் சாரணர்கள் வழக்கம்போல லாட வடிவில் நின்று மன்னரின் கொடிக்கு சல்யூட் வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடிச்சு போடத் தெரிந்த கை எந்தக் கொடிக்கும் முடிச்சு போடும். பாஷ்யம் அந்த இருட்டில் கட்டியதும் ஏதோ ஒரு நல்ல முடிச்சாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

1937-ல் டில்லியில் சாரணர்களின் அனைத்திந்தியப் பெருந்திரளணி (ஜாம்போரி) நடந்தது. அதற்கு வந்துபோன பேடன் பவல் இந்தியர்களின் குணத்தைப் பற்றித் தாழ்வாகச் சொன்ன வார்த்தைகள் இங்கே பலரைக் கொதிக்க வைத்தன. 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியாகப் பிறந்தது. ஆக, விடுதலைக்கு முந்தைய பத்தாண்டுகளில் நாட்டில் இரண்டு விதமான சாரணர் கொடியேற்றம் இருந்தது.

பிறகு அந்த விசித்திரமான முகாம். 1947 ஆகஸ்ட் 9 முதல் 18 வரை பிரான்ஸின் மொய்சோன் என்ற ஊரில் உலகப் பெருந்திரளணி. போருக்குப் பின் நடந்த முதல் பெருந்திரளணி என்பதால் அமைதியின் பெயரில் நடத்தினார்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் பிரதிநிதிகளாகச் சிறுவர்கள் அங்கே போனார்கள். முகாம் பாதி நடக்கும்போது அவர்களுடைய நாடு விடுதலை அடைந்தது, இரண்டாகவும் ஆனது. ஒரே கூடாரத்தில் தூங்கி எழுந்தவர்கள் வெவ்வேறு கொடிகளுக்கு உரியவர்களாகிவிட்டார்கள். அரசியல் நிர்ணய சபை மூவண்ணக் கொடியை ஏற்றுக்கொண்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது ஜூலை 22.

1950 நவம்பர் 7-ல் பழைய சங்கங்கள் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. மறு ஆண்டு ஆகஸ்ட் 15-ல் சாரணியரும் சேர்ந்தார்கள். அப்போது கிடைத்த கொடிதான் இன்றும் ஏறுகிறது. கருநீலத் துணி, நடுவே மஞ்சளில் சின்னம். சாரணரின் அல்லிமலர் வடிவமும் சாரணியரின் மூவிலையும் ஒன்றின்மேல் ஒன்றாக, மையத்தில் அசோகச் சக்கரம். முழு அளவு 180-க்கு 120 செ.மீ., பள்ளிக் குழுவுக்கு 120-க்கு 80. ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. 2002-ல் புதிய கொடிச் சட்டத் தொகுப்பு வரும்வரை சாதாரணக் குடிமகன் நினைத்த நாளில் தேசியக் கொடியை ஏற்ற முடியாது. வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களுக்கே அனுமதி. அதனால் வாரம்தோறும் ஒரு சிறுவன் தன் கையால் தொட்டு, மடித்து, ஏற்றி, இறக்கிப் பழகிய கொடி இந்த நீலக் கொடிதான். சுதந்திர தினத்தன்று மூவண்ணக் கொடியைக் கட்டப் பள்ளியில் சாரணர்களைக் கூப்பிட்டதற்குக் காரணம், மற்ற 50 வாரங்களும் அவர்கள் நீலக் கொடியில் கை பழகியிருந்ததே.

பாட்டு பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இறைவணக்கப் பாடலும் கொடிப் பாடலும் இந்தி. இறைவணக்கத்துக்கு 90 நொடி, கொடிப் பாடலுக்கு 45 நொடி என்று கணக்கு உண்டு. 1968 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியபோது, என்.சி.சி. அணிவகுப்பின் இந்திக் கட்டளைச் சொற்களையும் சேர்த்தே எதிர்த்தது. சாரணர்களின் பாட்டோ யார் கண்ணிலும் படாமல் அப்படியே தொடர்ந்தது. நாங்கள் அதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவைத்துப் பாடினோம். ஓர் அணியின் நோட்டில் இருந்தது இன்னோர் அணியின் நோட்டில் இருக்காது. வருடத்துக்கு வருடம் கைமாறிக் கைமாறி சில சொற்கள் இந்தியும் இல்லாமல் தமிழும் இல்லாமல் புது மொழியாகவே ஆகியிருந்தன. வட இந்தியப் பெருந்திரளணிக்குப் போனால்தான் உண்மை தெரியும். இப்போது கைப்பேசியில் பாட்டு கிடைக்கிறது, உச்சரிப்பு திருத்தமாகிவிட்டது. சில பள்ளிகளில் ஒருபடி மேலே போய் ஒலிப்பதிவையே ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் வாயசைக்கிறார்கள். தப்பாகப் பாடியது தேவலாம் என்று எனக்குத் தோன்றும்.

முகாமில்தான் மாற்றம் பட்டவர்த்தனமாகத் தெரியும். அன்றைய முகாமில் கொடிக்கம்பம் என்று ஒன்று முன்கூட்டியே இருக்காது. போய் இறங்கிய முதல் மாலை அதைச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று மூங்கில்களை நுனியும் அடியும் ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, இரண்டு இடத்தில் சணல் கயிற்றால் வட்டக் கட்டுக் கட்டி நீட்டுவோம். மூங்கில் கிடைக்காத இடத்தில் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்த சாரணர் கோல்களையே கட்டிக் கம்பமாக்குவதும் உண்டு. கப்பி இல்லையென்றால் ஓர் இரும்பு வளையம். கம்பத்தைத் தூக்கி நிறுத்த ஆறேழு பேர், மூன்று திசையில் இழுகயிறு பிடிக்க மூன்று பேர், தூரத்தில் நின்று சாய்வு பார்த்துச் சொல்ல ஒருவன். இழுகயிறுகளை முளையடித்துக் கட்டுவோம். ராத்திரி காற்றோ மழையோ அடித்தால் ஈரத்தில் கயிறு முறுகும், காலையில் கம்பம் ஒரு பக்கம் குனிந்து நிற்கும். மறுபடி அவிழ்த்து இழுத்துக் கட்டு. அந்தக் கம்பத்தில் ஏறும் கொடிக்கு சல்யூட் வைக்கும்போது உள்ளங்கையில் கயிறு அறுத்த எரிச்சல் இருக்கும்.

இப்போது முகாம் என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி வளாகம் அல்லது கல்லூரி. அங்கே சிமெண்ட் மேடையும் இரும்புக் கம்பமும் தயாராக இருக்கின்றன. துருப்பிடிக்காத எஃகுக் குழாய், நைலான் கயிறு. மழையில் முறுகாது, காற்றில் குனியாது. பாதுகாப்பு என்று பார்த்தால் இதுவே சரி. மூங்கில் கம்பம் சரிந்து தலையில் விழாமல் தப்பியதெல்லாம் எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அந்தக் கம்பத்தோடு பிள்ளைகளுக்கு எந்த உறவும் இல்லை. வட்டக் கட்டைத் தேர்வுக்காக இரண்டு பென்சிலில் கட்டிக் காட்டுகிறார்கள். நைலான் கயிறு வழுக்கும் என்பதால் ஷீட் பெண்ட்டும் சரியாக நிற்பதில்லை. கொடியில் உலோகக் கொக்கி வைத்தே விற்கிறார்கள், மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

துணியும் மாறிவிட்டது. இந்தியாவின் முதல் தர நிர்ணயமே, அதாவது ஐ.எஸ். 1, தேசியக் கொடிக்கானது. 1951-ல் வந்தது. கைநூற்ற, கைநெய்த கதர்தான் கொடி என்பது அரை நூற்றாண்டு விதியாக இருந்தது. அந்தத் தரத்துக்குத் தைக்கும் இடமாக ஹுப்பள்ளியின் கதர் சங்கம் பேர்பெற்றது. 2021 டிசம்பர் 30-ல் செய்த திருத்தம் பாலியெஸ்டருக்கும் இயந்திரத் தயாரிப்புக்கும் வழி திறந்தது. சாரணர் கொடிக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, என்றாலும் ஊர்த் தையற்காரர் நீலப் பருத்தித் துணியில் மஞ்சள் சின்னத்தை வெட்டி ஒட்டித் தைத்துத் தரும் வழக்கம் போய், அச்சிட்ட பளபளப்புத் துணி வந்துவிட்டது. கதரும் பருத்தியும் மடித்த மடிப்பில் நிற்கும். பாலியெஸ்டர் மடித்த கையோடு நழுவி விரியும். அதனால் இறுக்கிக் கட்டுகிறார்கள். இறுக்கிக் கட்டினால் அவிழாது. சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்க, மேடையில் இருப்பவர்கள் வேறு பக்கம் பார்க்கும் காட்சி நம் ஊரில் அபூர்வம் இல்லையே.

அந்தச் சிறப்பு விருந்தினர்தான் கயிற்றை வாங்கிக்கொண்டவர். எப்போது வந்தார் என்று தேதி சொல்ல முடியாது. படையின் வாரக் கூட்டங்கள் அருகி, சாரணர் என்றாலே விழா நாள் என்று ஆனபோது மெல்ல உள்ளே வந்தார். வாராவாரம் நடக்கும் ஒன்றுக்கு விருந்தினர் தேவையில்லை, வருடத்துக்கு நான்கு முறை நடப்பதற்குக் கட்டாயம் தேவை. அவர் வந்ததும் பொட்டலத்துக்குள் பூவிதழ் வந்தது. பூ உதிர வேண்டும், படம் பிடிக்க வேண்டும், முடிச்சு தவறக் கூடாது. தவறக் கூடாது என்றதும் பையனிடம் கொடுக்க ஆசிரியருக்குப் பயம். தானே மடித்து, தானே கட்டி, முந்தின நாளே ஒருமுறை இழுத்தும் பார்த்துவிடுகிறார். அவர்மேல் தப்பில்லை. கொடி அவிழாவிட்டால் விளக்கம் கேட்பது அவரிடம்தான்.

மாலைக்கு வருவோம். கோயில் திருவிழாவில் கொடியேற்றத்துக்கு ஊரே கூடும், கொடியிறக்கத்துக்கு குருக்களும் பரிசாரகரும் மட்டும் நிற்பார்கள். சாரணர் முகாம் அப்படி இருந்ததில்லை. காலையில் நின்ற அத்தனை பேரும் மாலையிலும் நிற்பார்கள். கொடியை விறுவிறுவென்று ஏற்று, நிதானமாக இறக்கு என்று சட்டத் தொகுப்பு சொல்வதை முகாமில்தான் கண்ணால் பார்க்கலாம். துணி தரையில் படாமல் இருவர் கையேந்தி வாங்கி, மடித்து, கோடு பிசகாமல் நடந்துபோய் ஒப்படைப்பார்கள். 2022 ஜூலையில் வந்த திருத்தத்துக்குப் பின் திறந்தவெளியில் தேசியக் கொடி இரவு பகலாகப் பறக்கலாம். வீடுகளுக்கு அது வசதிதான். பள்ளிகளில் அதன் விளைவு, இறக்குவது என்ற வேலையே இரவுக் காவலாளியின் தலையில் வந்து நிற்கிறது, அல்லது மறந்தே போகிறது. வெயிலில் வெளுத்து ஓரம் கிழிந்த கொடிகளை இப்போது நான் அடிக்கடி பார்க்கிறேன். அவற்றை ஏற்றிய நாளின் புகைப்படம் எங்காவது பத்திரமாக இருக்கும்.

எல்லாமே தேய்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. பல மாநிலங்களின் கூடாரங்கள் ஒரே பொட்டலில். அரசு மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் சாரணர், சாரணியர் என்ற வேறுபாடு இல்லாமல் அணிகளுக்குக் கட்டளை கொடுத்து நடத்தினார்கள். என் காலத்தில் சாரணியர் முகாமே வேறு, அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது கயிற்றில் கை வைக்கும் உரிமை இருபாலாருக்கும் உண்டு. உறுதிமொழியில் கடவுள் என்ற இடத்தில் தர்மம் என்று சொல்லிக்கொள்ளவும் வழி இருக்கிறது. மன்னருக்குக் கடமைப்பட்ட காலத்தை நினைத்தால் எவ்வளவோ தூரம்.

விருந்தினரை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயக்கத்தின் விதிப்புத்தகத்தில், கொடியை விரிப்பவர் ஊர்ப் பெரியவராகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் கிடையாது. லாடத்தின் திறந்த பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடலாம், பேச மைக் கொடுக்கலாம், பொன்னாடையும் போர்த்தலாம். கயிற்றை டூட்டி அணித் தலைவியிடம் விட்டுவிட்டு, முதல் முறை அவிழாமல் போனால் இறக்கி மறுபடி மடிக்க அவளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் போதும். அந்த மூன்று நிமிடத்தை எந்தப் பள்ளி நிகழ்ச்சி நிரலிலும் சேர்க்க முடியும். நன்றியுரையில் இருந்து எடுத்துக்கொண்டால்கூட யாரும் வருத்தப்படப் போவதில்லை.